மஞ்சள் கட்டத்துக்குப் போகும் பாதை

சாகினா, மிச்சிகன்
ஜூலை 19, 2003

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவருடைய முதுகுவலி குறைந்ததா? போனில் கேட்டிருக்கலாம். ஆனால் எப்போது கூப்பிட்டாலும் டெல்மர் அத்தான்தான் எடுக்கிறார். மழை இல்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். அதனால் கடிதம்.

நல்ல செய்தியோடு எழுதுகிறேன். வயோமிங் குலுக்கலில் எனக்கும் மகள் டேனாவுக்கும் கவைக்கொம்பு மான் வேட்டை உரிமம் விழுந்துவிட்டது. அதுவும் நம் ஹாலக் பக்கத்துக்கே. ஆளுக்கு ஒரு கிடா. உரிமத்தோடு ஓர் எச்சரிக்கைச் சீட்டும் வந்திருக்கிறது. இந்தப் பகுதியில் பெரும்பாலும் தனியார் நிலம், நுழைய அனுமதி வாங்கிக்கொண்டு வரவும் என்று. அதைப் படித்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அனுமதி கேட்பதற்கு எனக்கு அக்கா இருக்கிறாள்.

இந்த யோசனை டேனாவுடையது. மார்லீன் போன பிறகு அவள் என்னோடு வந்து தங்கியது உனக்குத் தெரியும். லாரிப் பட்டறையில் நல்ல மெக்கானிக் என்று பெயர் எடுத்துவிட்டாள். ஆனால் வீட்டில் எங்களுக்குள் உப்பை எடு, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேச்சே இல்லாமல் இருந்தது. தாயை இழந்தவளிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெண்டாட்டியை இழந்தவனிடம் என்ன பேசுவது என்று அவளுக்கும் தெரியவில்லை. போன மார்ச்சில் ஒருநாள், "ஞாயித்துக்கிழமை நான் சுடப் போறேன், நீயும் வாயேன்" என்றாள். பட்டறை நண்பர்களோடு அவள் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தாளாம். எனக்கே தெரியாது. போனேன். என்னைவிட நன்றாகச் சுடுகிறாள். திரும்பி வரும்போது, "உங்க ஊர் மானை நான் போட்டோவுலதான்ப்பா பாத்திருக்கேன்" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இன்னும் நிற்கவில்லை.

வழிகாட்டி வைத்துக்கொள்ள எங்களுக்குக் கட்டாது, அந்த ஆசையும் இல்லை. நாங்களே நடந்து, நாங்களே தேடி, கிடைத்தால் நாங்களே தூக்கி வருகிறோம். அப்பாவின் வடக்கு மேய்ச்சலில் இரண்டு நாள் போதும். அக்டோபர் முதல் வாரம். மாடுகளைத் தொந்தரவு செய்ய மாட்டோம்.

அன்புத் தம்பி,
ஓரின்

*

ஹாலக், வயோமிங்
ஆகஸ்ட் 6, 2003

அன்புள்ள ஓரின்,

உன் கடிதம் வந்த அன்று வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தோம். கட்டுவதற்கு அதிகம் இல்லை, வறட்சி மூன்றாவது வருஷமாக நீள்கிறது. டேனா பேச ஆரம்பித்ததைப் படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளை முத்தமிட்டதாகச் சொல்.

கேட்டதற்குச் சுற்றிவளைக்காமல் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாதுடா. இரண்டு வருஷமாக வேட்டை உரிமையை ப்ரூனர் என்பவருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். வெளியூர்க்காரர்களை அழைத்துவந்து வேட்டை காட்டுகிறவர். அவரோடு வருகிறவர்களைத் தவிர வேறு யாரும் எங்கள் நிலத்தில் துப்பாக்கியோடு நுழையக் கூடாது என்று ஒப்பந்தம். டெல்மரிடம் கேட்டுப் பார்த்தேன். "உன் தம்பிய விட்டா நாளைக்கு எங்கண்ணன் பசங்க நாலு பேரும் வந்து நிப்பானுங்க. அப்புறம் ப்ரூனர் எதுக்கு நமக்குப் பணம் தரணும்?" என்றார். வாங்குகிற வைக்கோல் அந்தக் குத்தகையில்தான் வருகிறது.

நீ அப்பாவின் வடக்கு மேய்ச்சல் என்று எழுதியிருக்கிறாய். பத்தொன்பது வயதில் பஸ் ஏறிப் போனாய். அப்பா ஆள் அடையாளம் தெரியாமல் கிடந்த காலத்தில் அவருக்கு ஊட்டிவிட்டவள் நான், வேலி கட்டியவர் டெல்மர். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மனசில் இருப்பதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உன்னை வெறுங்கையோடு விட மாட்டேன். நில அலுவலகத்துக்குப் போய் வரைபடம் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். மஞ்சள் மத்திய அரசு நிலம், நீலம் மாநில நிலம், வெள்ளை எங்களைப் போன்றவர்களுடையது. மஞ்சளைப் பார்த்ததும் குதித்துவிடாதே. பொதுப் பாதையிலிருந்து அதற்குள் கால் வைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பாதி மஞ்சள் கட்டங்கள் சுற்றிலும் வெள்ளையாகத்தான் கிடக்கின்றன, பறவையாக இருந்தால்தான் போய்ச் சேரலாம். இரண்டு மஞ்சள் மூலைக்கு மூலை தொட்டுக்கொண்டிருந்தாலும் நம்பாதே. மூலையில் காலைத் தூக்கித் தாண்டினாலே இங்கே வழக்கு என்கிறார்கள். ரயில் பாதைக்கு வடக்கே ஒரு நீள மஞ்சள் துண்டை வட்டம் போட்டிருக்கிறேன். நேற்று வண்டி எடுத்துக்கொண்டு போய் நானே பார்த்துவந்தேன். நெடுஞ்சாலையிலிருந்தே நுழையலாம், வேலியில் பொது நிலம் என்று பலகை இருக்கிறது. ஒரு கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது, நடுவில் ஒரு கிடா.

எங்கள் நிலத்துக்குப் பின்னால் இருக்கிற பெரிய மஞ்சள் கட்டம் உனக்கு ஞாபகம் வரும். அதை நம்பாதே. ஓடைப் பாதை இப்போது இல்லை. வறட்சிக்கு முன்னால் வந்த வெள்ளத்தில் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதோடு பாதையும் போயிற்று.

உன் அக்கா,
வெர்னா

*

சாகினா
ஆகஸ்ட் 24, 2003

அன்புள்ள அக்காவுக்கு,

வரைபடம் கிடைத்தது. வேகாத வெயிலில் எனக்காக அவ்வளவு தூரம் போய்ப் பார்த்துவந்திருக்கிறாய். நீ எப்போதும் இப்படித்தான்.

வடக்கு மேய்ச்சலைப் பற்றி இனி பேச்சில்லை. உன்னுடையது என்று எழுதியிருக்க வேண்டும், பழைய வாய்ப்பழக்கத்தில் அப்பாவுடையது என்று எழுதிவிட்டேன். அத்தான் சொன்னதிலும் தப்பில்லை. கேட்கும்போதே வேண்டாமென்று ஒரு மூலையில் தோன்றியது. டேனாவிடம் சொன்னேன். "பரவால்லப்பா. நாமளே தேடிக்கறதுதான நம்ம பிளான்" என்றாள். சமையல் மேஜையில் வரைபடத்தை விரித்து வைத்து இரண்டு பேரும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறோம்.

ரயில் பாதைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டுக்கொள்கிறோம். உங்களுக்குச் சிரமம் வேண்டாம். ஒரு நாள் மட்டும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரலாமா? டேனா உன் வீட்டைப் பார்த்ததே இல்லை.

அன்புடன்,
ஓரின்

*

ஹாலக்
செப்டம்பர் 10, 2003

அன்புள்ள ஓரின்,

வரலாமா என்று என்னைக் கேட்கிறாயே. ஆனால் திங்கட்கிழமை வா, ஆறாம் தேதி. அதுவரை ப்ரூனரின் ஆட்கள் இங்கேதான் தங்கி இங்கேதான் சாப்பிடுகிறார்கள். டெக்ஸஸ்காரர்கள். மேஜையில் அவர்கள் பேச்சும் சிரிப்பும் உனக்கு ஒத்துக்கொள்ளாது. அவர்கள் போனதும் நாம் நாமாக உட்கார்ந்து சாப்பிடலாம். மாட்டிறைச்சி வறுவலும், டேனாவுக்கு ஆப்பிள் பை பலகாரமும் செய்து வைக்கிறேன்.

ஐஸ் பெட்டி பெரிதாகக் கொண்டு வா. அக்டோபரிலும் மத்தியானம் சூடாகத்தான் இருக்கிறது. மான் விழுந்தவுடன் தோலை உரித்து ஐஸில் வைக்காவிட்டால் கறி வீணாகிவிடும்.

உன் வருகைக்குக் காத்திருக்கும்,
வெர்னா

*

சாகினா
அக்டோபர் 12, 2003

வெர்னா அக்காவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை ஓடைப் பாதைக் கேட்டருகில் நீ வந்து நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. ஒருவேளை யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்லிவிடுகிறேன்.

நீ வட்டம் போட்ட இடத்துக்குத்தான் வெள்ளிக்கிழமை போனோம். விடிவதற்குள் வேலியோரம் வரிசையாக வண்டிகள், திருவிழாவுக்கு வந்ததுபோல். பொது நிலம் என்று பலகை இருக்கிற இடம் ஊருக்கெல்லாம் தெரிந்த இடம்தானே. முதல் வேட்டு கேட்டதும் மான்கள் வேலிக்கு அடியில் சறுக்கிப் பக்கத்துத் தனியார் நிலத்துக்குள் போய்விட்டன. கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்து அசைபோட்டன. "அதுங்களுக்கும் மேப் படிக்கத் தெரியும் போல" என்றாள் டேனா. சனிக்கிழமையும் அதே கதை. மேற்கே இருந்த ஒரு நீலக் கட்டத்தைத் தேடிப் போனோம், அதற்குப் போகிற பாதையில் யாரோ பண்ணைக்காரரின் பூட்டு.

சாயங்காலம் பெட்ரோல் போடப் போன இடத்தில் எக்லண்டைப் பார்த்தேன். உங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர், அதே பழைய தொப்பி. எங்கே அலைகிறாய் என்று கேட்டார். சொன்னேன்.

"உங்கக்கா வீட்டுக்குப் பின்னால அவ்ளோ பெரிய அரசு நிலம் கெடக்கு. அத விட்டுட்டு ரயிலடில போயி ஏன் நிக்கிற?"

"பாலம் போயிடுச்சாமே. பாதையே இல்லன்னு அக்கா எழுதினா."

அவர் காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "பாலம் எங்கயும் போகல. உங்கத்தான் கேட்டுல பூட்டு போட்டிருக்கான், அவ்ளோதான். அது கவுண்டி ரோடு, அரசாங்கம் போட்டது. பூட்டு போட்டா ரோடு இல்லன்னு ஆயிடுமா?"

"அப்ப நீங்க யாரும் ஏன் கேக்கல?"

"நீ ரெண்டு நாள்ல மிச்சிகன் போயிடுவ. நான் இங்கதான இருக்கணும்."

உன்னிடம் வந்து கேட்டிருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை வரை வராதே என்று எழுதியிருந்தாய். ஞாயிறு காலை வண்டியை நெடுஞ்சாலை ஓரத்தில் விட்டுவிட்டு, கேட்டின் மேல் ஏறி இறங்கி, பாதையை விட்டு ஒரு அடி நகராமல் நடந்தோம். பாலம் அப்படியே இருந்தது, அக்கா. டேனா அதன் நடுவில் நின்று ஒரு தடவை குதித்துப் பார்த்தாள். "அத்தை சொன்ன வெள்ளம் இதுலயா வந்துச்சு?" என்று கேட்டாள். வேறு ஏதாவது பாலத்தோடு குழப்பிக்கொண்டிருப்பாள், வயதாகிறதல்லவா என்றேன். உனக்காக நான் சொன்ன சமாதானம் அது.

மஞ்சளுக்குள் நுழைந்து அந்த நீள மேட்டைத் தாண்டியதும் கூட்டம் தெரிந்தது. கிடா தனியாகக் கொஞ்சம் தள்ளிப் படுத்திருந்தது. மறைந்துகொள்ள மரம் ஏது அங்கே. புதருக்குப் புதர் வயிற்றால் ஊர்ந்தோம், கள்ளி முள் இன்னும் என் முழங்கையில் இருக்கிறது. டேனா முன்னால், நான் பின்னால். காற்று எங்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அது எழுந்து பக்கவாட்டில் நின்றபோது அவள் சுட்டாள். ஒரே வேட்டு. கிடா கொஞ்ச தூரம் ஓடி மடிந்தது. அவள் பக்கத்தில் போய் மண்டியிட்டு அதன் கழுத்தில் கையை வைத்தபடி இருந்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். மார்லீனை அடக்கம் செய்த அன்றுகூட அவள் அழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கத்திய எடுப்பா, வெயில் ஏறுது" என்றாள். என் உரிமத்தை நான் பயன்படுத்தவே இல்லை. அந்த ஒன்று எனக்குப் போதுமாக இருந்தது.

கறியைத் துணிப்பைகளில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்தால் ப்ரூனர், அத்தான், ஷெரிஃப் ஆபீஸிலிருந்து ஒரு டெபுடி. மேட்டிலிருந்து ப்ரூனரின் ஆட்கள் எங்களைப் பார்த்திருக்கிறார்கள். கவுண்டி ரோட்டில்தான் நடந்தோம் என்றேன். அத்தான் என்னைப் பார்க்கவே இல்லை, டெபுடியிடம்தான் பேசினார். "ஓரினுக்கு இங்க ஒரு முழம் நிலம் கெடையாது சார். என்னைக்கோ போனவன்." அப்போதுதான் நீ வீட்டிலிருந்து இறங்கி வந்தாய். உன்னைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது, தெரியுமா? இதோ அக்கா வந்துவிட்டாள், இனி சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

டெபுடி நல்ல பையன். மரியாதையாகத்தான் கேட்டான். "மேடம், நீங்க இங்கயே பொறந்து வளந்தவங்க. இது கவுண்டி ரோடா, இல்ல உங்க சொந்தப் பாதையா?"

நீ அத்தானைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். தலையைக்கூடக் குனியவில்லை. "எங்க சொந்தப் பாதைதான். எங்கப்பா போனாப் போகுதுன்னு ஆளுங்கள விட்டாரு. ரோடுன்னு இங்க ஒண்ணும் இருந்ததில்ல."

அந்தப் பாதையில் பள்ளிக்கூட பஸ் வந்தது, அக்கா. எக்லண்ட் வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஓடையைத் தாண்டி, நம்மை ஏற்ற வரும். சொந்தப் பாதையில் கவுண்டி பஸ் எப்படி வரும் என்று நீயே யோசித்துப் பார்.

கறியும் கொம்பும் பறிமுதல். மூட்டைகளை டெபுடியின் வண்டியில் நான்தான் தூக்கி வைத்தேன். கொம்பை டேனா தன் கையால் கொடுத்தாள். எங்கள் இரண்டு பேர் மேலும் அத்துமீறல் வழக்கு. திரும்பும் வழியில் நெப்ராஸ்கா முழுக்க, அயோவா முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டவள்தான். மறுபடியும் உப்பை எடு, கதவைச் சாத்து.

ஓரின்

*

ஹாலக்
நவம்பர் 9, 2003

அன்புள்ள ஓரின்,

உன் கடிதத்தை மாட்டுக்கொட்டிலில் உட்கார்ந்து படித்தேன். இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் சொல்லப் போவதில்லை.

பாலத்தைப் பற்றி எழுதியது பொய். கேட்டருகில் சொன்னதும் பொய். நீ கேட்காமலே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் பக்கத்தையும் கேள். உனக்கு அது ஒரு காலை நேரம். எனக்கு அது தினமும் உட்கார்ந்து சாப்பிடுகிற மேஜை. ப்ரூனர் எங்கள் புல்லுக்காக வரவில்லை, எங்கள் நிலத்தில் அப்படி என்ன மான் இருக்கிறது? பின்னால் இருக்கிற அந்த மஞ்சளுக்காக வருகிறார். அதில் வேறு யாரும் நுழைய முடியாது என்பதைத்தான் டெக்ஸஸ்காரர்களுக்கு விற்கிறார். பாதை திறந்தால் மறுநாளே போய்விடுவார். அவர் போனால் மாடுகள் போகும். மாடுகள் போனால் டெல்மர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. அன்றைக்கு டெபுடி கேட்டபோது என் கண் முன்னால் அவர் முகம்தான் இருந்தது.

இப்போது ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. வழக்கு நடந்தால் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள் என்று கவுண்டி வக்கீல் சொல்லிவிட்டார். பைபிளில் கையை வைக்கச் சொல்வார்கள். நான் அந்தக் கையோடு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள். நீங்கள் இரண்டு பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதி அனுப்பிவிட்டால் வழக்கு அதோடு முடிந்துவிடும். கொஞ்ச காலம் வேட்டை உரிமம் இருக்காது, அவ்வளவுதானே? அபராதத்தை நான் டெல்மருக்குத் தெரியாமல் கட்டிவிடுகிறேன்.

வேறு யாரிடமும் நான் இப்படிக் கேட்டதில்லை.

உன் அக்கா,
வெர்னா

*

சாகினா
டிசம்பர் 1, 2003

அக்காவுக்கு,

என் தாளில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டு இன்று தபாலில் சேர்த்துவிட்டேன். அபராதத்தை நானே கட்டிக்கொள்கிறேன். மூன்று வருஷத்துக்கு நான் எந்த மாநிலத்திலும் துப்பாக்கி எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போக முடியாது. போகட்டும். நீ பொய்ச் சத்தியம் செய்வதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஆனால் டேனா மாட்டேன் என்கிறாள். உன் கடிதத்தை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து மேஜையில் வைத்தாள்.

"நீ வேணும்னா ஒத்துக்கோ. நான் செய்யாத தப்ப ஒத்துக்க மாட்டேன்."

"அத்தைய கூண்டுல ஏத்தணுமா?"

"நான் ஏத்தல. அவங்களா ஏறினாங்க." பிறகு சொன்னாள்: "அம்மா இருந்திருந்தா நீ இதுல கையெழுத்து போட்டிருப்பியாப்பா?"

இரண்டு மாதமாக அவள் என்னிடம் பேசிய பேச்சு இவ்வளவுதான். எக்லண்டுக்கு அவள் போன் செய்திருக்கிறாள். அவரும் இந்தத் தடவை சாட்சி சொல்ல வருகிறாராம். பிப்ரவரியில் விசாரணை. நானும் வருவேன், பின்னால் உட்கார்ந்திருப்பேன். உனக்காகச் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டேன், இதற்கு மேல் என் கையில் இல்லை.

ஓரின்

*

ஹாலக்
பிப்ரவரி 22, 2004

அன்புள்ள ஓரின்,

கோர்ட்டு வாசலில் உன்னிடம் பேச வேண்டும் என்று வந்தேன். உன் வண்டி கிளம்பிவிட்டிருந்தது.

நீ கேட்டாய்தானே, எல்லாவற்றையும். பள்ளிக்கூட பஸ் அந்தப் பாதையில் வந்ததா என்று டேனாவின் வக்கீல் கேட்டபோது, இல்லை என்று சொல்வதாகத்தான் டெல்மரோடு பேசி வைத்திருந்தேன். முந்தின நாள் சமையலறையில் அவர் என்னை மூன்று தடவை சொல்ல வைத்தார், பிள்ளைக்குப் பாடம் ஒப்பிக்கச் சொல்வதுபோல். ஆனால் அங்கே ஏறி நின்றதும் டேனா தெரிந்தாள். அவளுக்கு நம் அம்மாவின் நெற்றி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டருகில் தொப்பி போட்டிருந்தாள், தெரியவில்லை. வந்தது என்றேன். தினமும் வந்தது, கவுண்டி வந்து பனியைத் தள்ளிவிட்டுப் போகும், பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பூட்டு எங்களுடையது. நிறுத்த முடியவில்லை. நீதிபதி கேட்காததையும் சொன்னேன். உன் முகத்தைத் தேடினேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

டெல்மர் எனக்காக நிற்கவில்லை. எக்லண்டின் வண்டியில்தான் வீடு வந்தேன். இறங்கும்போது அவர், "ரொம்ப லேட்டு, வெர்னா. ஆனா சரி" என்றார்.

டெல்மர் படுக்கையைப் பின்னறைக்கு மாற்றிக்கொண்டார். நான் எழுவதற்கு முன் தானே முட்டை பொரித்துச் சாப்பிட்டுவிட்டு வெளியே போய்விடுகிறார். கத்தியிருந்தால் நன்றாக இருக்கும். ப்ரூனர் ஆள் அனுப்பித் தன் கட்டில்களையும் பலகைகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏப்ரலில் பாதி மாடுகளை ஏலத்துக்கு அனுப்புகிறோம். அது பொதுப் பாதைதான் என்று தீர்ப்பானதும் கவுண்டி ஆட்கள் வந்து பூட்டை அறுத்தார்கள். டெல்மர் ஜன்னலில் நின்று கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவன் அவருக்கு வணக்கம் சொன்னான், பாவம்.

உன் வழக்கைத் திரும்ப எடுக்க முடியுமா என்று வக்கீலிடம் கேட்டேன். ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதானாம். டேனா மேல் குற்றமே இல்லை என்று ஆன பிறகும் உனக்கு மட்டும் அது குற்றமாக நிற்கிறது. அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நன்றி சொல்வாய் என்று எதிர்பார்த்து எழுதவில்லை. ஆனால் பாதை இப்போது திறந்திருக்கிறது. அக்டோபரில் டேனாவை அழைத்துக்கொண்டு வா. வீட்டில் தங்கு. டெல்மர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் திருப்பிக்கொள்ளட்டும், இது என் வீடும்தான்.

உன் அக்கா,
வெர்னா

*

சாகினா
மார்ச் 14, 2004

வெர்னாவுக்கு,

நீ கோர்ட்டில் உண்மையைச் சொன்னாய். அதனால் உனக்கு என்ன போயிற்று என்பதும் படித்தேன். உனக்கு எளிதாக இருந்திருக்காது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அது நீதிபதிக்குச் சொன்ன உண்மை. உன் கை பைபிள் மேல் இருந்தது. கேட்டருகில் பைபிள் இல்லை, நான் மட்டும்தான் நின்றேன். என் கண்ணைப் பார்த்து நீ சொன்னது பொய். அக்கா, என்னிடம் நீ உண்மை பேசுவதற்கு ஒரு புத்தகம் தேவைப்படும் என்று நான் நினைத்ததே இல்லை.

நீ பொய்ச் சத்தியம் செய்யக் கூடாது என்றுதான் நான் குற்றவாளி ஆனேன். நீயோ, ஏறி நின்றதும் டேனாவின் நெற்றியைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட்டாய். அதே நெற்றி என் முகத்திலும் இருக்கிறது. பிறந்ததிலிருந்து பார்க்கிறாய். இதை எழுதும்போது எனக்கே கேவலமாக இருக்கிறது, மகளிடம் பொறாமைப்படுகிறவன் போல. ஆனாலும் எழுதுகிறேன்.

டேனாவும் நானும் மறுபடி பேசிக்கொள்கிறோம், முன்பு போல் இல்லை. நான் கையெழுத்துப் போட்டதை அவள் மன்னித்தாளா என்று தெரியாது. இந்த வருஷமும் அவள் உரிமத்துக்கு மனுப் போட்டிருக்கிறாள். விழுந்தால் வருவோம். நான் துப்பாக்கி எடுக்க முடியாது, அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பேன். அந்தப் பாதையில்தான் போவோம், அது எல்லாருக்கும் பொது. வீட்டுக்கு வர மாட்டோம்.

எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதினால் படிப்பேன். பதில் வராது.

ஓரின்

*

ஹாலக்
அக்டோபர் 10, 2004

அன்புள்ள ஓரின்,

பதில் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அதிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது, நீ என்ன சொல்வாயோ என்று பார்த்துப் பார்த்து எழுத வேண்டியதில்லை.

இந்தப் பருவத்தில் பாதையில் வண்டிகள் நிற்காமல் வந்தன. காகிதத் தட்டுகளையும் பீர் டப்பாக்களையும் ஓடையில் போட்டுவிட்டுப் போகிறார்கள். டெல்மர் சாயங்காலம் ஒரு சாக்கோடு போய்ப் பொறுக்கி வருகிறார். அதைக் கொட்டில் வாசலில், என் கண்ணில் படுகிற இடத்தில் கொட்டி வைக்கிறார். ஆனால் போன வாரம் ஒரு கிழவரும் அவர் பெண்டாட்டியும் பழைய காரில் வந்தார்கள். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் ஓடைக்கு அந்தப் பக்கம் போனதே இல்லையாம். சும்மா பார்த்துவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் மிச்சிகன் எண் போட்ட வண்டி வந்தது. சமையலறை ஜன்னலில் இருந்தேன். டேனாதான் ஓட்டினாள். இறங்கிக் கேட்டைத் திறந்து, வண்டியை உள்ளே விட்டு, மறுபடி இறங்கி மூடினாள். இந்த வருஷம் வந்தவர்களில் கேட்டை ஒழுங்காக மூடியவர்கள் ரொம்பக் கொஞ்சம். நீ வலது பக்கம் உட்கார்ந்திருந்தாய். இளைத்திருக்கிறாய். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. மாவு பிசைந்தேன், அப்படியே விட்டுவிட்டேன். மத்தியானம் தபால் பெட்டிக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு கேட்டு வரைக்கும் நடந்தேன். தபால் காலையிலேயே எடுத்தாகிவிட்டது. உன்னிடம் மறைப்பானேன், காத்துக்கொண்டுதான் நின்றேன். உங்கள் வண்டி வந்தது. பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. கிடைத்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். ஐஸ் போதுமான அளவு இருந்ததா? சனிக்கிழமை ஹாலக்கில் கடையைச் சீக்கிரம் அடைத்துவிடுகிறார்கள், அதை நினைத்து அன்று முழுக்க எனக்குக் கவலையாக இருந்தது.

நான் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டேன். வண்டி மெதுவாக என்னைக் கடந்தது. நீ மடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாய். டேனா ஸ்டீயரிங்கை விடாமல் இரண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள். நானும் கையைத் தூக்கினேன். இங்கே அது வழக்கம்தான். நீ பிறந்த ஊர், உனக்குத் தெரியாததா. வழியில் எதிர்ப்படுகிறவர்கள் யாராக இருந்தாலும், முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும், அப்படித் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்கள்.

வெர்னா